வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எதற்குக் கொடுப்பது?

1963 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய எங்கள் செட்டில் இப்போது வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பவர்கள் இருபத்தெட்டுப் பேர். பாதிப் பேருக்குக் காது மந்தம். அதனால் எழுதுவதைவிடக் குரல் பதிவு போடுவதுதான் அதிகம், அதுவும் கத்திக் கத்தி. அறுபதாம் ஆண்டுச் சந்திப்பில் ஆளாளுக்குப் போட்டதில் மூன்று லட்சத்துச் சொச்சம் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தது. கட்டடம் கட்ட அந்தப் பணம் காணாது. மின்விசிறி வாங்கி மாட்டி அதில் நம் பெயரை எழுதுவது யாருக்கும் பிடிக்கவில்லை. அப்போது ஒருவன், "நாம படிக்கிறப்ப இருந்த மன்றம், சங்கம் எதையாவது திருப்பிக் கொண்டு வரலாமேடா" என்றான். எல்லாரும் கைதட்டும் படம் போட்டார்கள். சரி, எது என்று கேட்டதும் சண்டை ஆரம்பமானது.

தலைமையாசிரியை அம்மாவைப் போய்ப் பார்த்தோம். "ஐயா, ஒரு அறை தர்றேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைத் தர்றேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரெண்டுன்னு சொன்னீங்கன்னா ரெண்டும் நடக்காது" என்றார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவர் பேச்சு அது. அதனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நான் பார்த்த விதத்தில் எடை போட்டு இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் வேறு பழைய மாணவர்களுக்கும் உதவலாம்.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்போது பள்ளிக்கூடம் பதினோரு வகுப்பு. ஆறாம் வகுப்புக்கு முதல் பாரம் என்று பெயர், பதினொன்றாம் வகுப்பு ஆறாம் பாரம். பிளஸ் டூ எல்லாம் 1978-ல் வந்தது. நான் முதல் பாரத்தில் சேர்ந்தது 1957. மன்றங்கள் பெருகியிருந்த காலம் அது, அதற்குக் காரணமும் இருந்தது. 1952-ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்கென்று ஓர் ஆணையம் அமைத்தது. தலைவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மறு வருடமே அறிக்கை வந்துவிட்டது. பாடத்துக்கு வெளியே நடப்பதும் கல்வியில் சேர்ந்ததுதான், எல்லா ஆசிரியர்களும் அதற்கென்று நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். சாரணர், என்.சி.சி., முதலுதவி, ஜூனியர் ரெட் கிராஸ் எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பேசினார்கள். எங்கள் பள்ளி மாதிரி ஒரு சிற்றூர்ப் பள்ளியில்கூட வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நாலு மூலையில் நாலு விஷயம் நடந்ததென்றால் அந்தக் காற்று அடித்ததால்தான்.

ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் கொடுப்பதும் புதிது இல்லை. 1958-ல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராஜர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். ஊரார் காசாகவும் பொருளாகவும் பள்ளிக்குக் கொடுக்க, அப்புறம் அது ஊர் ஊராகப் பரவியது. அதோடு பார்த்தால் எங்கள் மூன்று லட்சம் ஒன்றும் பெரிய தர்மம் இல்லை.

எடை போட எனக்கு ஒரே ஒரு படிக்கல்தான். மேடை ஏறாத பையனுக்கு அங்கே என்ன வேலை இருந்தது? முதல் பெஞ்சுக்காரனுக்கு எந்த மன்றமும் நல்ல மன்றம்தான். அவன் எங்கே போனாலும் செயலாளர் ஆகிவிடுவான். மூன்றாவது வரிசையில் சன்னல் பக்கம் உட்கார்ந்து வாய் திறக்காமல் ஆறு வருடம் படித்துவிட்டுப் போனவன் இருக்கிறானே, அவனைப் பற்றித்தான் கேட்கிறேன்.

முதலில் என்.சி.சி. அந்தக் கட்சிக்குத்தான் குரல் அதிகம். 1948-ல் சட்டம் போட்டுத் தொடங்கியது. பள்ளிக்கு ஜூனியர் டிவிஷன், கல்லூரிக்கு சீனியர் டிவிஷன். எங்கள் காலத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் ஏ.சி.சி. (துணை மாணவர் படை) என்று ஒரு சின்னத் தம்பியும் இருந்தது, பின்னால் அது என்.சி.சி.யோடு கலந்துவிட்டது. நாலாம் பாரத்தில் நானும் போய் வரிசையில் நின்றேன். உயரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் புளிப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி போட்டு நிற்க வைத்தால் தானே நிற்கும் காக்கி அரைக்கால் சட்டை, பிராசோ போட்டுத் தேய்த்த பித்தளை பக்கிள், அணிவகுப்பு முடிந்ததும் இலையில் பூரி. இந்தப் பூரிக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. வீட்டில் பூரி என்பது தீபாவளிப் பண்டமாக இருந்த காலம். கட்டளைகள் எல்லாம் இந்தியில். "சாவ்தான்", "விஷ்ராம்" என்று எங்கள் ஊர்ப் பையன்கள் புளியமரத்தடியில் கத்துவதைக் கேட்டுக் கிளிகளே பழகிவிட்டன என்று தமிழாசிரியர் கேலி செய்வார். அது வெறும் கேலியோடு நிற்கவில்லை. 1968 ஜனவரியில் அண்ணா அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்த மொழித் தீர்மானத்தில் இந்த இந்திக் கட்டளைச் சொற்களும் ஒரு விஷயமாகவே வந்தன. 1962 அக்டோபரில் சீனச் சண்டை வந்தபோது நாங்கள் ஆறாம் பாரம். அந்த மாதம் என்.சி.சி.யில் சேர நின்ற கூட்டம் சத்துணவு வரிசையை விட நீளம். (சத்துணவு என்பது பின்னால் வந்த பெயர், அப்போது மதிய உணவு.)

இப்போதைக்கு அதைக் கணக்குப் பார்த்தால், முதல் சிக்கல், அது நாம் வாங்கிக் கொடுக்கக் கூடிய பொருளே இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. பள்ளி விண்ணப்பிக்க வேண்டும், பட்டாலியனில் இடம் இருக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். சுயநிதியில் நடத்தும் திட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்குகிற செலவு இல்லை, வருடா வருடம் வரும். பொறுப்பாசிரியர் ஆண் என்றால் நாக்பூர் பக்கம் காம்ப்டீக்கும் பெண் என்றால் குவாலியருக்கும் போய்ப் பயிற்சி எடுத்து வர வேண்டும். பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லூரியில் தொடர்ந்து 'சி' சான்றிதழ் வரை போனால் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர எழுத்துத் தேர்வு இல்லாத தனி வழியே இருக்கிறது. ஆனால் என் படிக்கல்லில் வைத்தால் தட்டு மேலே போய்விடுகிறது. வாசலிலேயே அளந்து பார்த்துப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பும் மன்றம் அது. ராணுவம் சம்பந்தப்பட்டது, அப்படித்தான் இருக்க முடியும். அதனால் தள்ளிவிட்டேன்.

அடுத்தது தமிழ் இலக்கிய மன்றம். இதற்குப் பணமே தேவையில்லை. ஒரு மேசை, ஒரு மேசை விரிப்பு, ஒரு மாலை. தமிழாசிரியர் தலைமை. தமிழ்த்தாய் வணக்கம், வரவேற்பு, சென்ற கூட்ட அறிக்கை, பேச்சு, நன்றியுரை. இந்த வரிசை இத்தனை வருடத்தில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பேச்சுக்கு எல்லாரும் அண்ணாவைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அடுக்குமொழி வராதவன் பேச்சாளனே இல்லை. "அவைத் தலைவர் அவர்களே, அறிவுசால் ஆசிரியப் பெருமக்களே" என்று தொடங்கி மூச்சு விடாமல் இரண்டு நிமிடம் விளித்துவிட்டு, விஷயத்துக்கு வரும்போது மணி அடித்துவிடுவார்கள். கத்தி பெரிதா பேனா பெரிதா, கிராமமா நகரமா என்று பட்டிமன்றம். பேனாதான் எப்போதும் வெல்லும். ஒரே ஒரு தடவை கத்தி வென்றது, கத்தி அணியில் தலைமையாசிரியர் மகன் இருந்தான்.

கேலி செய்கிறேனே தவிர, அந்த மேடையில் நின்று கால் நடுங்கப் பேசிய நாலு பேருக்கு அது வாழ்நாள் முழுக்க உதவியது. ஒருவன் வக்கீல், ஒருவன் தொழிற்சங்கத்தில் இருந்தான். ஆனால் நாலு பேர். நூற்றிருபது பேர் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம், முன்னால் இருக்கிறவன் சட்டைக் காலரில் மை தடவினோம். மன்றத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வேலை, செயலாளருக்கு அம்மை போட்ட ஒரு மாதம் 'சென்ற கூட்ட அறிக்கை' எழுதியது. யார் என்ன பேசினார்கள் என்பதை ஒன்றரைப் பக்கத்தில், யார் மனமும் நோகாமல், பொய்யும் சொல்லாமல் எழுத வேண்டும். பின்னாளில் அலுவலகத்தில் முப்பது வருடம் நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். மன்றம் இன்னும் பள்ளியில் பெயருக்கு இருக்கிறது. அதற்குத் தேவை பணம் இல்லை, ஒரு தமிழாசிரியரின் பிடிவாதம். அதை நாங்கள் வாங்கித் தர முடியாது.

ஜூனியர் ரெட் கிராஸ் எங்கள் பள்ளியில் ஒரு பெட்டியாகத்தான் இருந்தது. டிங்சர், பஞ்சு, முக்கோணத் துணி. விளையாட்டு விழாவன்று பெட்டியும் பையனும் மைதானத்தில் நிற்பார்கள், முட்டி பெயர்ந்தவன் ஓடிவிடுவான், டிங்சர் எரிச்சலுக்குப் பயந்து. வெளிநாட்டுப் பள்ளிகளோடு ஆல்பம் பரிமாறிக்கொள்வது ஒன்று இருந்தது. கோலம், வாழைமரம், தேர் எல்லாம் வரைந்து ஒட்டி அனுப்பினோம். பதிலுக்கு ஒன்று வந்ததாக ஞாபகம் இல்லை. இப்போதும் பள்ளியில் இருக்கிறது, அது பாட்டுக்கு ஓடட்டும்.

விளையாட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மைதானத்தில் பாதி இப்போது கட்டடம். பஞ்சை நூலாகத் திரிக்கும் தக்ளியைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று ஒரு குரல் பதிவு வந்தது. நூல் அறுந்துகொண்டே இருந்த அந்த பீரியடை நினைத்தாலே எனக்குக் கை வியர்க்கிறது.

பண்டகசாலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை என்று பலகை. மாடிப்படிக்கு அடியில் முக்கோணமாக ஓர் இடம், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நிப்பு, மை மாத்திரை, பென்சில், நோட்டு, ஒற்றும் தாள். விற்பதும் பையன், கணக்கு எழுதுவதும் பையன், பங்கு வாங்கியவர்களும் பையன்கள். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. நான் முதல் பாரத்தில் சேர்ந்த வருடம். பழைய காசும் புதுக் காசும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு அணாவுக்கு ஆறு நயா பைசா, இரண்டு அணாவுக்கு பன்னிரண்டு, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று அட்டவணை ஒட்டியிருந்தார்கள். அணா விலை போட்ட மை மாத்திரை நாலு வேண்டுமென்றால், ஒன்றாகக் கேட்டால் இருபத்தைந்து பைசா. நாலு தடவை வரிசையில் வந்து ஒவ்வொன்றாக வாங்கினால் இருபத்துநாலு. ஒரு பைசா மிச்சம்! மூன்றாம் நாளே பள்ளி முழுக்க இந்த ரகசியம் பரவி, பண்டகசாலை வரிசை மைதானம் வரை போனது. விற்கிற அண்ணன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று எழுதி ஒட்டினார். பின்னம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த வரிசையில்தான், வகுப்பில் இல்லை.

ஐந்தாம் பாரத்தில் நானும் ஒரு வருடம் அங்கே கணக்கு எழுதினேன். அந்த வேலையை நேசித்தேன் என்றே சொல்லலாம். ஆனால் இரண்டு பேருக்குத்தான் இடம், மாடிப்படியே அவ்வளவுதான். இப்போது பள்ளிக்குள் பிள்ளைகள் காசு புழங்குவதைத் தலைமையாசிரியை விரும்பவில்லை. நோட்டு, புத்தகம், பை எல்லாம் அரசே கொடுக்கிறது. விற்க என்ன இருக்கிறது? மனசில்லாமல்தான் தள்ளுகிறேன்.

ஆக மிச்சம் இரண்டு. கையெழுத்துப் பத்திரிகை, சாரணர்.

பத்திரிகை விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை. இரண்டு வருடம் ஆசிரியராக இருந்தேன். அந்தக் காலத்தில் பத்திரிகைப் பெயர் என்றால் ஒன்று மலரில் முடியும், இல்லை சுடரில் முடியும். எங்களுடையது மலர். மாதம் ஒரு இதழ், இதழுக்கு ஒரே ஒரு பிரதி. ஃபுல்ஸ்கேப் தாளில் பென்சிலால் கோடு போட்டு, கட்டைப் பேனாவால் எழுதி, கோட்டை அழிப்போம். ஓரத்துக்கு இந்தியன் இங்க்கில் கொடி வரைவதற்கென்றே ஒருவன். அட்டைப் படத்துக்கு வாட்டர் கலர். கதை, கவிதை, விடுகதை, 'உங்களுக்குத் தெரியுமா', தலைமையாசிரியரின் ஆசியுரை. ஆசியுரையை நாங்களே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவோம். ஒட்டுவதற்கு மைதா காய்ச்சும்போது அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். இந்தப் பாடத்தை முதல் இதழைப் பறிகொடுத்துத்தான் கற்றோம். முதுகில் காடாத் துணி வைத்துத் தைத்து, வாசகசாலை மேசைக்காலில் சணல் கயிற்றால் கட்டிவைப்போம், யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க.

கடைசியில் நாலு பக்கம் வெற்றாக விடுவோம், வாசகர் கருத்துக்கு. பத்திரிகையிலேயே உயிருள்ள பகுதி அதுதான். "பக்கம் 11 கதை நான் ஏற்கெனவே வேறொரு பத்திரிகையில் படித்தது" என்று ஒருவன் எழுதியிருப்பான். அதற்குக் கீழே, "நீ படித்ததை நான் பார்த்ததில்லை" என்று கதாசிரியன். அதற்கும் கீழே மூன்றாவது கையெழுத்தில், "இருவரும் மாலை கிணற்றடிக்கு வரவும்." வகுப்பில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் முழிக்கிறவன் அந்தப் பக்கங்களில் அரைப் பக்கம் எழுதுவான். எழுதுகிறவன் பெயர் போட வேண்டியதில்லை என்று நாங்கள் வைத்த விதிதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

செலவு? கிட்டத்தட்ட இல்லை. ஆசிரியர்? எட்டிப் பார்த்தால் போதும். இந்த இரண்டும் பத்திரிகையின் பக்கம். எதிர்ப்பக்கம் என்னவென்றால், வேலை செய்தவர்கள் நாங்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருமே எழுத்து அழகாக இருந்தவர்கள், அதாவது ஏற்கெனவே வாத்தியார்களுக்குப் பிடித்தவர்கள். கோணல் கையெழுத்துக்காரன் கதை நன்றாக இருந்தாலும் நான்தான் படியெடுப்பேன், படியெடுக்கும்போது 'திருத்துவேன்'. எத்தனை பேர் கதையைக் கெடுத்தேனோ. இப்போது பள்ளிக்கல்வித் துறையே மாணவர்களுக்கென்று 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று அச்சில் கொண்டுவருகிறது. எழுதத் துடிக்கிற பிள்ளைக்கு ஒரு வாசல் இருக்கிறது. எழுதத் துடிக்காத பிள்ளையை உள்ளே இழுக்க எங்கள் மலரிடம் அந்த நாலு வெற்றுப் பக்கத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

சாரணர் படையில் நான் சாதாரண ஆள். ஆந்தை அணி. ஒவ்வொரு அணிக்கும் ஒரு மிருகமோ பறவையோ, அதன் குரலிலேயே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். ராத்திரி முகாமில் நாங்கள் ஆந்தை மாதிரி கூப்பிட்டால் நிஜ ஆந்தை பதில் சொல்லும், ஊர்க்கிழவிகள் திட்டுவார்கள். இந்த இயக்கத்துக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சாரணர் படை இருந்த நாளில், இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தைச் சென்னையில் நடத்தியவர் அன்னி பெசன்ட் அம்மையார். சுதந்திரத்துக்கு அப்புறம் பல கிளையாகக் கிடந்தவை சேர்ந்து 1950 நவம்பர் 7-ஆம் தேதி பாரத சாரணர் இயக்கம் ஆயின. மறு வருடம் சாரணியரும் சேர்ந்தார்கள்.

அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். அந்த எண்ணிக்கையில்தான் சூட்சுமம் இருக்கிறது. எட்டுப் பேரில் ஒருவன் தலைவன், ஒருவன் துணை, ஒருவன் குறிப்பு எழுதுவான், ஒருவன் கயிறு கழியைப் பார்த்துக்கொள்வான், ஒருவன் சமையல், ஒருவன் முதலுதவி. ஒளிந்துகொள்ள இடம் இல்லை. தினம் ஒரு நற்செயல் என்று விதி. காலையில் கழுத்துத் துண்டின் நுனியில் ஒரு முடிச்சு, நற்செயல் செய்த பிறகுதான் அவிழ்க்கலாம். எங்கள் தெருப் பொதுக்கிணற்றில் தண்ணீர் இழுக்கும் ஆத்தா பாடு திண்டாட்டம்தான். அவர் நாலு குடம் இழுத்து முடித்ததும் ஐந்தாவது குடத்துக்கு மூன்று ஆந்தைகள் சண்டை போடும்.

ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்புச் சாரணன் ஆக வேண்டுமென்றால் வெட்டவெளியில் அடுப்பு மூட்ட வேண்டும், இரண்டே தீக்குச்சி. ஐப்பசி மாதம், முந்தின ராத்திரி முழுக்க மழை. விறகெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. மூன்று கல் வைத்து உட்கார்ந்தோம். முதலில் நான். ஒரு குச்சி காற்றில் போனது, ஒரு குச்சி புகையில் போனது. எனக்கு அடுத்து எங்கள் முதல் மாணவன், அவனும் அப்படியே. அப்புறம் வந்தான் ஓட்டல் சரக்கு மாஸ்டர் மகன். கணக்கில் எப்போதும் பதினைந்து, இருபது வாங்குகிறவன். அவன் குரலே எங்களுக்குத் தெரியாது. உட்கார்ந்து நிதானமாகச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தான். பனியனுக்குள்ளிருந்து மடித்து வைத்த பன்னாடை, தென்னையில் உரித்தது, எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. மழை வரும்போலிருக்கிறது என்று முந்தின நாளே எடுத்து, ராத்திரி பாயடியில் வைத்துப் படுத்திருக்கிறான். அதை உருண்டையாகச் சுருட்டிக் கல்லுக்கு நடுவில் வைத்து, மேலே சுள்ளியைக் கூடாரம் மாதிரி சாய்த்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஒரு குச்சி கிழித்தான். பிடித்துக்கொண்டது. இரண்டாவது குச்சியைச் சாரண ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்தான். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறு மாதம் எங்கள் அணித் தலைவன் அவன்தான். அந்த இரண்டு வருடத்தில் அவனிடம்தான் நான் முடிச்சுகள் கற்றேன். முதல் மாணவனும் அவனிடம்தான் கற்றான்.

ஆகவே, மலருக்கு ஆசிரியராக இருந்த நான், என் ஓட்டைச் சாரணருக்குப் போடுகிறேன். குழுவில் இதைச் சொன்னதும் 'துரோகி' என்று ஒரு குரல் பதிவு வந்தது, ஓர அலங்காரம் வரைந்தவன் அனுப்பியது.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் நாளில் சாரணர் படையின் வாசலும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அளவு நாடா கிடையாது, அதற்குப் பதில் காசு. சட்டை, தொப்பி, கழுத்துத் துண்டு, காலுறை, பூட்ஸ் எல்லாம் வீட்டிலிருந்து. எனக்கு மாமாவின் பழைய பூட்ஸ், முன்னால் துணி அடைத்துப் போட்டேன். என் பக்கத்து வீட்டுப் பையன் பூட்ஸுக்காகவே மூன்றாம் வாரம் நின்றுவிட்டான். 'தினமும் உடம்பு சரியில்லை சார்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆசிரியருக்கும் காரணம் தெரியும், எங்களுக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் எங்கள் பணத்தில் முதல் செலவு சீருடை, எல்லாருக்கும், காலுறை வரைக்கும். வசதி இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று குழுவில் ஒருவன் கேட்டான். அப்படி ஒரு பட்டியல் போட்டால் அந்தப் பட்டியலில் இருக்கிற பையன் வர மாட்டான்.

பள்ளி இப்போது இருபாலர் பள்ளி. சாரணர், சாரணியர் என்று இரண்டு படை வேண்டும், இரண்டு ஆசிரியர் அடிப்படைப் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். கணக்கு டீச்சர் ஒருவரும் உடற்கல்வி ஆசிரியரும் சம்மதித்திருக்கிறார்கள். எங்களுடையது நிதியுதவி பெறும் பள்ளி என்பதால் அவர்கள் மாற்றலாகிப் போய்விட மாட்டார்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இதே கணக்கைப் போடுவதாக இருந்தால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலானால் மறுநாளே படையும் போய்விடும். அந்த நிலையில் பத்திரிகைதான் நல்லது என்பேன்.

மூன்று லட்சத்தையும் ஒரே வருடத்தில் இறக்கக் கூடாது என்பதும் என் கட்சி. முதல் வருடச் சீருடைக்கும் கூடாரத்துக்கும் எடுத்தது போக மிச்சத்தை வங்கியில் போட்டு, முகாம் செலவுக்கு வட்டியை எடுக்கலாம். பத்திரிகைக்கும் ஒரு திருட்டு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அணியும் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும் என்பது சாரணர் வழக்கம்தான். அந்தக் குறிப்பேட்டின் கடைசி நாலு பக்கத்தை வெற்றாக விடச் சொல்லப்போகிறேன், பெயர் போடாமல் எழுத.

என்.சி.சி. கட்சிக்காரர்கள் இன்னும் இறங்கி வரவில்லை. முகாமில் பூரி உண்டு என்று எழுத்தில் கொடுத்தால் யோசிப்பதாக ஒருவன் சொல்லியிருக்கிறான். சரக்கு மாஸ்டர் மகனிடம் அவன் ஓட்டு எதற்கு என்று கேட்டேன். நெருப்புப் படம் ஒன்றைப் போட்டான், அவ்வளவுதான். போன வாரம் கணக்கு டீச்சர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "ஐயா, பன்னாடைன்னா எப்படி இருக்கும்? பசங்களுக்குக் காட்டணும்" என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு தென்னை இன்னும் நிற்கிறது.